குறையில்லாமல் மூன்று ஓட்டம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று விமான நிலையம் கடலுக்குள் போய்விட்டது.

நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது. காலையில் "சிறு திருத்தங்கள்" என்று ஓர் அப்டேட் வந்தது. க்ளினிக்குக் கிளம்பும் அவசரத்தில் சரி என்று ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனேன். நாலு மணிக்கு வந்து, விமானம் ஓட்டிப் பழகும் கம்ப்யூட்டர் சிமுலேட்டரைப் போட்டால், மகள் இருக்கும் ஊரின் ரன்வே முழுக்க அலையடிக்கிறது. கன்ட்ரோல் டவரின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே மீன் வேறு ஓடுகிறது. ரன்வேயைக் கோட்டை விட்டவர்கள் மெனக்கெட்டு மீன் வரைந்திருக்கிறார்கள்.

இவர் அந்த நேரம் பார்த்துத்தான் டீ டம்ளரோடு உள்ளே வரவேண்டுமா?

"இங்கதான் நாம இறங்கணுமா?"

"இது கம்ப்யூட்டர் கோளாறுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். 

மார்ச் 4

28ஆம் தேதி விமானம். 31ஆம் தேதி மகளுக்குப் பதிவுத் திருமணம். சாட்சிக் கையெழுத்துக்கு அப்பா பெயரைக் கொடுத்துவிட்டாள். "அப்பா வந்து போட்டாதான். இல்லன்னா தேதியைத் தள்ளிப் போட்டுருவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். செய்வாள். பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்திருக்கிறாள்.

அந்த அப்பாவுக்கு விமானம் என்றால் பயம். இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடி உயரத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு பாட்டு முணுமுணுக்கிற மனுஷன், விமானம் என்ற பேச்சை எடுத்தால் முகம் வெளுத்துவிடுவார். கேட்டால் ஒரே பதில். "லிஃப்டுக்கு ஆறு கயிறு இருக்கு. அஞ்சு அறுந்தாலும் ஒண்ணு தாங்கும். விமானத்துக்கு எத்தனை கயிறு?"



நானும் நிஜ விமானத்தில் ஏறியதில்லை. சிமுலேட்டரில் எண்ணூறு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் மகள் போனபோது அவளுடைய கம்ப்யூட்டரும் அறையும் சும்மா கிடந்தன. அவள் எந்த வழியாகப் போனாள் என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன். முதல் தடவை அவள் ஊரில் போய் இறங்கியபோது அழுதுவிட்டேன். இதை இவரிடம் சொன்னதில்லை.

மார்ச் 6

இவரோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

லிஃப்டைப் பழுது பார்த்தால், ஆள் ஏற்றுவதற்கு முன்னால் காலியாக மூன்று தடவை அடியிலிருந்து உச்சி வரை ஓட்டிப் பார்ப்பார்களாம். மூன்றும் அடுத்தடுத்துக் குறையில்லாமல் ஓட வேண்டும். நடுவில் ஒரு கதவு முனகினால்கூட மறுபடி முதலிலிருந்து.

"அதே கணக்குதான். உன் பெட்டியில இங்க கிளம்பி அவ ஊர்ல இறங்கு. முழுசா, நிஜமா எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். மூணு தடவை வரிசையா குறையில்லாம ஓட்டிக் காட்டு, சூட்கேஸை நானே தூக்குறேன்."

"காட்டலைன்னா?"

"நீ மட்டும் போயிட்டு வா."

ஓர் ஓட்டம் நாலு மணி நேரம் பத்து நிமிஷம். ஒத்துக்கொண்டேன். எண்ணூறு மணி நேரம் ஓட்டியவளுக்கு மூன்று தடவை ஒரு விஷயமா?

மார்ச் 7, சனி

இன்னொரு அப்டேட் போட்டதில் கடல் வடிந்துவிட்டது.

முதல் ஓட்டம். இவர் சாப்பாட்டு மேஜை நாற்காலியை எனக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். வேலைக்குக் கட்டும் பெல்ட்டால் தன்னை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். மடியில் லிஃப்ட் கம்பெனியின் பழுதுப் பதிவேடு ஒன்று. தேதி, குறை, முடிவு, குறிப்பு என்று நாலு கட்டம்.

ஒரு மணி நேரம் வழுக்கிக்கொண்டு போனோம். பிறகு இடது இறக்கை காணாமல் போனது. விமானம் பாட்டுக்குப் பறக்கிறது. அதற்கே விஷயம் தெரியாது போலிருக்கிறது. நானும் மூச்சு விடாமல் மூன்று மணி நேரம் ஓட்டி இறக்கினேன். பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"படம்தாங்க வரலை. இறக்கை இருக்கு."

"இருக்கிற இறக்கை எங்க இருக்கு?"

பூஜ்ஜியம்.

மார்ச் 8

கதவை மூடியதும் பணிப்பெண்ணின் குரல், "இருக்கைப் பட்டையை அணியவும்" என்றது. நல்லது. நாற்பது நிமிஷம் தரையிலேயே நின்றும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. இவர் ஒவ்வொரு தடவையும் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நிஜ விமானம் மாதிரியே இருக்கும் என்று நம்பித்தான் அந்தக் குரல் ஆட்-ஆனை, சிமுலேட்டரோடு தனியாகச் சேர்க்கும் நிரலை, போட்டேன்.

"நாம இன்னும் தரையிலதானே இருக்கோம். கிளம்பறதுக்கு முன்னாடி நடந்தது கணக்குல வராது" என்றேன்.

"கதவு மூடினதுலேர்ந்து கணக்கு."

பறந்து, இறங்கி, எல்லாம் சரியாகச் செய்தும் பூஜ்ஜியம்தான். அந்தப் பெண் என் கையில் கிடைத்தால்...

மார்ச் 9

மகள் ஊர் விமான நிலைய ஆட்-ஆனைச் செய்தவருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. "எங்கள் கம்ப்யூட்டரில் சரியாகவே இருக்கிறது." அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு வந்து ஓட்டட்டுமா ஐயா?

சிமுலேட்டர்காரர்கள் கூடும் இணையதளத்தில் 'கிழட்டுக் கழுகு' என்று ஒருவர் இருக்கிறார். எல்லாக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "நன்றாக ஓடும்போது ஏன் அப்டேட் செய்தீர்கள்?" இவரும் இதையேதான் சொல்கிறார். "ஓடுறதைத் தொடாதே." இரண்டு பேரும் சொல்லி வைத்துக்கொண்டு என்னைப் பாடாய்ப் படுத்துகிறார்களா?

மார்ச் 12

ரன்வேயின் நட்டநடுவில் மரம். சுற்றிக்கொண்டு போய் இறங்கினேன். பூஜ்ஜியம்.

மார்ச் 14, சனி

நடுவானில் எல்லாம் உறைந்து நின்றது. மேகம், விமானம், கடிகாரம் எல்லாம். பதினொரு நிமிஷம். நானும் ஜாய்ஸ்டிக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். தானாகவே உயிர் வந்தது, இறக்கினேன்.

"நடுவுல நின்னா லிஃப்ட்ல மணி அடிக்கலாம். இதுல யாருக்கு அடிக்கிறது?"

பூஜ்ஜியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 16

க்ளினிக்கில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க ஒரு பெரியவரை நிறுத்தி, "மூச்சை இழுங்க, பிடிங்க" என்றேன். அந்தப் பதினொரு நிமிஷத்தையே நினைத்துக்கொண்டிருந்ததில் "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டேன். பாவம், நல்ல மனுஷர், முகம் சிவக்கச் சிவக்கப் பிடித்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்தால் அறைக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது. "பழுது பார்க்கப்படுகிறது. பொத்தானைத் தொடாதீர்கள்." லிஃப்டில் மாட்டுகிற பலகை. அப்டேட் பொத்தானைத்தான் சொல்கிறார். தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் 17

ஒன்று!

மார்ச் 20, வெள்ளி

இரண்டு!!

பரணிலிருந்து சூட்கேஸை இவரே இறக்கினார். இரண்டு பேருடைய துணியும் உள்ளே போயிற்று. மகள் போன் செய்தபோது ஒன்றும் நடக்காத மாதிரி, "அங்க ஸ்வெட்டர் வேணுமா?" என்று கேட்டார்.  அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். சந்தோஷமாக இருக்கிறது. இன்னும் ஒன்றே ஒன்று.

மார்ச் 21

தொட்டுவிட்டேன்.

நேற்று இறங்கும்போது சக்கரத்தில் சின்னதாக ஓர் அதிர்வு. இவர் கவனிக்கவில்லை. நாளைக்குக் கவனித்து எழுதிவிட்டால்? காலையில் பார்த்தால், "இறங்கும்போது ஏற்படும் அதிர்வு சரிசெய்யப்பட்டது" என்று ஓர் அப்டேட் வந்து நிற்கிறது. எனக்கென்றே எழுதிய மாதிரி. பலகை தொங்கும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, உள்ளே நின்றுகொண்டு, தட்டினேன்.

மார்ச் 22, ஞாயிறு

மூன்றரை மணி நேரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் காக்பிட்டில் எல்லாத் திரையும் கறுப்பாகிவிட்டது. வேகம் தெரியாது, உயரம் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கண்ணை நட்டுக்கொண்டு ஒரு வழியாக இறக்கினேன். ரன்வே ஓரத்துப் பூச்செடிகளுக்குள் போய் நின்றது.

"என்ன ஆச்சு?"

"தெரியலைங்க. தானா ஆயிடுச்சு."

இவர் பெல்ட்டை அவிழ்த்தார். "தானா ஆகாது. யாரோ கை வச்சிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். சாயந்திரம் பார்த்தேன், சூட்கேஸில் என் துணி மட்டும்தான் இருக்கிறது.

ஏன் இப்படிப் பண்ணினேன்? நல்லா ஓடிட்டு இருந்துச்சே. ஒரே ஒரு நாள் பொறுக்க முடியலையா எனக்கு? இவர்கிட்ட பொய் வேற. பொண்ணுகிட்ட என்ன சொல்லுவேன்? அம்மா கை சும்மா இருக்கல, அதனால அப்பா வரலைன்னா?

மார்ச் 23

அப்டேட்டைத் திரும்ப எடுக்க வழியில்லை. திரைகளுக்கான திருத்தம் அடுத்த மாதம்தானாம்.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "நான்தாங்க தொட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"பலகை கோணலா தொங்குச்சு."

 தட்டைப் பார்த்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். கல்யாணமான புதிதில், ஆய்வுக்கு முந்தின நாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டில் இன்னும் கொஞ்சம் நன்றாக ஓடட்டுமே என்று ஒரு போல்ட்டை முடுக்கினாராம். மறுநாள் ஆய்வாளர் ஏறினதும் நாலாவது மாடிக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம். "அந்த ஆளு உள்ள இருந்துக்கிட்டே என்னைப் பத்தி எழுதி முடிச்சுட்டாரு." இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"சரி, அப்போ வர்றீங்களா?"

"கணக்கு கணக்குதான்."

மார்ச் 24

கறுப்புத் திரையோடு ஓட்டுவதில் பிரயோஜனம் இல்லை என்றேன். "சும்மா ஓட்டு, பாப்போம்" என்று நாற்காலியைப் போட்டுக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தே ஓட்டினேன். இந்தத் தடவை பூச்செடி தப்பித்தது.

மார்ச் 26

சூட்கேஸுக்கு முன்னால் நின்றுகொண்டு, "என் ஸ்வெட்டரை எங்க வச்சே?" என்றார்.

 "மூணு ஆகலையேங்க?"

பதிவேட்டை நீட்டினார். எட்டு ஓட்டம். குறைக் கட்டத்தில் இறக்கை, மரம், பணிப்பெண் என்று பொடி எழுத்தில் நிரம்பி வழிகிறது. முடிவுக் கட்டத்தில் எட்டு வரியிலும் ஒரே வார்த்தைதான் இருந்தது. இறங்கியது.

"லிஃப்ட்னா கெட்டுப்போகத்தான் செய்யும். கெட்டப்புறம் ஆளைப் பத்திரமா விடுதாங்கறதுதான் விஷயம். நீ இறக்கை இல்லாம இறங்கினே, கண்ணு தெரியாம இறங்கினே. நிஜத்துல ஓட்டுறவங்களுக்கு இறக்கையாவது இருக்கும்ல?"

"அப்போ கணக்கு?"

"கணக்கு அப்படியேதான் இருக்கு. பூஜ்ஜியத்துலயே ஏறுறேன்."

ஸ்வெட்டர் பீரோவின் மேல்தட்டில் இருந்தது. எடுத்துக் கொடுக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 28, சனி

கிளம்புகிறோம். பலகையை நேராக மாட்டிவிட்டு, கம்ப்யூட்டர் பிளக்கையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட முடியுமா என்று பார்க்கிறார்.

மார்ச் 29

மகள் வீடு. நேற்றைய கதையை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

விமானத்தின் கதவை மூடினார்கள். விளக்கெல்லாம் அணைந்தது. "ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி இயக்குகிறோம், சில நிமிடங்கள் பொறுக்கவும்" என்று விமானி அறிவித்தார்.  யாரோ காலையில் அப்டேட் போட்டிருக்கிறார்கள்! இவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அணைச்சுப் போடுறாங்க. வேலை தெரிஞ்சவங்க."

"கதவு மூடியாச்சே, இது கணக்குல வருமே?"

"இன்னும் கிளம்பலை. வராது."

எனக்கு மட்டும் இந்தச் சலுகை கிடைத்ததே இல்லை.

கிளம்பியது. எண்ணூறு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன், ஆனால் அங்கே நாற்காலி தரையில் இருக்கும். இங்கே நாற்காலியும் சேர்ந்தல்லவா மேலே போகிறது! இவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இவருக்கும் உள்ளங்கை ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் குரல் காட்டிக்கொடுக்கவில்லை. "மூச்சை இழு. பிடி" என்றார். இழுத்துப் பிடித்தேன். ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். "இடது இறக்கை இருக்கு" என்றார். மேகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், "விடும்மா, விடு!" என்றார்.

இறங்கும்போது ரன்வேயில் மரம் இல்லை. கடல், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

கையெழுத்துப் போட்டுவிட்டார். போடுவதற்கு முன் படிவம் முழுவதையும் ஆய்வு அறிக்கை மாதிரி வரிவரியாகப் படித்தார். பதிவாளர் ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டேவிட்டார். "இல்லை" என்று சொல்லிக் கையெழுத்திட்டு, பழக்க தோஷத்தில் பக்கத்தில் நேரத்தையும் எழுதிவிட்டார். மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள், மாப்பிள்ளை கைக்குட்டையைத் தேடினார்.

ஸ்வெட்டரை மடித்து வைக்கும்போது பெட்டிக்கு அடியில் அந்தப் பதிவேடு கிடந்தது. இதையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். ஒன்பதாவது வரி:

மார்ச் 28. குறை: இல்லை. முடிவு: இறங்கியது. குறிப்பு: பக்கத்து சீட்டுக்காரர் கடைசி வரை கையை விடவில்லை. குறையில்லா ஓட்டம் 1. பாக்கி 2.

திரும்பிப் போவதோடு இரண்டாகும். மூன்றாவது ஓட்டம் எப்போது என்று நான் கேட்கவில்லை. அடுத்த அறையில் மகளிடம், இந்த ஊரில் வெயில் காலம் எந்த மாதம் தொடங்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.