கருங்கல் ஸ்டாண்டும் நான் சொன்ன பொய்யும்

என் அன்பு மாப்பிள்ளைக்கு,

என் தங்கச்சியை நீ கட்டிக்கொண்ட புதிதில் உன்னை 'நீங்க' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனுக்கு என்னடா மரியாதை என்று சிரித்தாய். அதனால் இன்றைக்கும் 'நீ'தான். கோபமாகத்தான் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டாயே, அதனால் முதலில் உன் மேல்.

உன் பதினாறாம் நாள் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டு ஹாலில் உன் ஸ்டாண்ட் அசையாமல் நிற்கிறது. இரும்பை நீயே வெட்டிப் பற்றவைத்து, கால்களுக்குள் மணல் நிரப்பி, கிள்ளானில் கல்லறைக் கல் செதுக்கும் சீனரிடம் கெஞ்சி வாங்கிய கருங்கல் பலகையை மேலே ஏற்றினாய். அந்தக் கல்லுக்கு நானும் ஒரு கை கொடுத்தேன். மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை. சமாதிக் கல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தால் விளங்குமா என்று தங்கச்சி சரோஜா அன்றைக்கே புலம்பினாள். பெயர் எழுதாத வரைக்கும் அது வெறும் கல்தான் என்று நீ அவள் வாயை அடைத்தாய்.

இத்தனையும் எதற்கு? ஆம்ப்ளிபையரை அதன் மேல் வைத்தால் பாட்டு தெளிவாகக் கேட்குமாம்.

நான் கிள்ளானில் இத்தனை வருடமாக ரேடியோ, ஆம்ப்ளிபையர் ரிப்பேர் செய்து பிழைக்கிறவன். ரெக்கார்டு பிளேயருக்கு நல்ல ஸ்டாண்ட் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஊசி ஆடினால் பாட்டும் ஆடும். பழைய வால்வு செட்டைக்கூட விட்டுத் தருகிறேன். வால்வை விரலால் தட்டினால் ஸ்பீக்கரில் டங்கென்று கேட்கும். உன்னுடையது டிரான்சிஸ்டர் செட். அதற்குள் ஆடுவதற்கு என்ன இருக்கிறது? தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். பின்பக்கம் கூட்ஸ் வண்டி போகும்போது அலமாரிக் கிளாஸெல்லாம் கிலுகிலுக்கிறதே, ஆம்ப்ளிபையர் மட்டும் சும்மா இருக்குமா என்று நீ கேட்டாய். பிடிவாதத்தில் நீயும் நானும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைவிருக்கிறதா? கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். ஆம்ப்ளிபையரைச் சாதாரண மேசைக்கு மாற்றி, வயர்களை நீளமாக இழுத்து விட்டவன் நானேதான். ஒரே நாதஸ்வர ரெக்கார்டு இரண்டு தடவை ஓடும். ஒரு தடவை ஆம்ப்ளிபையர் மேசை மேல், ஒரு தடவை ஸ்டாண்ட் மேல். எது முதலில் என்பது சரோஜா இஷ்டம். நாம் இருவரும் முகத்துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

ரெக்கார்டு முடிந்ததும் நீ துள்ளிக்கொண்டு, ரெண்டாவதுதான் ஸ்டாண்ட் என்றாய். ஆமாம் என்றாள் சரோஜா. என் முறை வந்தது. எனக்கு ரெண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டது, நீ குருட்டாம்போக்கில் சொன்னாய் என்றேன்.

"மச்சான், பொய் சொல்லாத. ரெண்டாவது வாட்டி தவில் வந்தப்ப நீ என் முழங்கையப் புடிச்ச."

பிடித்தேன். தவில் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. என்னை அறியாமல் கை போய்விட்டது. ஆனால் ரிப்பேர்காரன் என்ற திமிர் ஒத்துக்கொள்ள விடவில்லை. உன் சமாதிக் கல்லை நீயே கட்டிப்பிடித்துக்கொண்டு கிட என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இரண்டு தீபாவளி போனது. நீ கிள்ளான் பக்கம் வரவில்லை, நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வரவில்லை. இந்தத் தீபாவளிக்குக் கட்டாயம் வந்து, கேட்டேன்டா மாப்பிள்ளை என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். நம்புவாயா? அதற்குள் வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். சமாதிக் கல் என்று சொன்ன நாக்கோடு உன்னைக் குளிப்பாட்ட நின்றேன். வெட்கமாக இருந்தது.

பதினாறாம் நாள் எல்லாரும் போன பிறகு தங்கச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் கேட்டேன், மறைத்தேன், அவன் சொன்னதுதான் சரி என்றேன்.

"அண்ணே, நான் மாத்தவே இல்ல. அந்த செட்டு என்னா கனம்லா. தூக்கிப் பாத்தேன், முடியல. ரெண்டு தட்டு தட்டிட்டு மாத்திட்டேன்னு சொன்னேன். ரெண்டு வாட்டியும் மேசை மேலதான் இருந்துச்சு. அவரு அவ்ளோ சந்தோஷமா சொன்னாரு, ஆமான்னுட்டேன். அப்புறம் நீங்க கத்துன கத்துல எனக்கு வாயே வரல."

மாப்பிள்ளை, நான் இப்போது என்ன செய்ய? ஜெயித்தது நான்தானாம். ஸ்டாண்டால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நீ காதில் விழுந்ததைச் சொன்னாய், நான் காதில் விழுந்ததை விழுங்கினேன். இந்த வெற்றியை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? இதைக் கேட்டுக் கத்த வேண்டியவன் நீ. அளந்து பார்க்க என் கடையில் மீட்டர் இருக்கிறது. ரெண்டாவது தடவை என் காதில் விழுந்தது என்ன என்பதற்கு எந்த மீட்டரைப் பிடிப்பது?

நேற்று முன்தினம் ஆம்ப்ளிபையரை நானே தூக்கிக் கருங்கல் மேல் வைத்து, அதே ரெக்கார்டைப் போட்டேன். கண்ணையும் கட்டிக்கொண்டேன். தவில் வந்தது. கை தானாகப் பக்கத்தில் போனது. சோபாத் துணிதான் அகப்பட்டது. எரிச்சலில் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். அன்றைக்குப் புலம்பிய சரோஜா, அதைத் தொடக் கூடாது என்கிறாள்.

கடைக்குக் காஜாங்கிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஸ்டாண்ட் மாற்றினால் சத்தம் மாறுமா அண்ணே என்று கேட்டார். வழக்கமாக நான் பொரிந்து தள்ளுவேன். அன்றைக்கு, டிரான்சிஸ்டர் செட் என்றால் மாறாது, ஆனால் எனக்கு ஒரு தடவை கேட்டது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பார்க்கட்டும். இனி யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வருவேன், சண்டை போட ஆள் இல்லாவிட்டாலும் வருவேன். உன்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்: ரெண்டாவது தடவை நானும் கேட்டேன்டா.

உன் முழங்கையைப் பிடித்துவிட்டு இல்லை என்று சொன்ன
உன் மச்சான்