அப்பா கப்பல் ஏறவில்லை, அம்மா

என்னைப் பெற்ற என் தங்க அம்மாவுக்கு,

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நான் சொல்லித் திரிந்த கதை நீ இருக்கும் இடம் வரைக்கும் வந்திருந்தால், அதை நம்பாதே. அப்பா நாகப்பட்டினம் கப்பலில் ஏறவில்லை. மன்னார்குடிப் பக்கத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கவும் இல்லை. கிள்ளானில், கன்னியாஸ்திரீகள் நடத்துகிற வயோதிகர் மடத்தில் இருக்கிறார். நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

இதை உன்னிடம் மட்டும் சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பத்திரிகைக்கே அனுப்புவது என்று முடிவு செய்தேன். பொய்யைத் தெரு முழுக்கச் சொன்னவள் உண்மையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டால் எப்படி? உன் மருமகனிடம் கேட்டேன். "அச்சுல வந்தா வரட்டும்" என்றார்.

நீ போன பிறகு அப்பாவை எங்கள் குவார்ட்டர்ஸுக்குத்தான் அழைத்து வந்தேன். உனக்குத் தெரியுமே, இரண்டு அறை. அதில் நாங்கள் இருவர், மாமியார், மூன்று பெண் பிள்ளைகள். முன்னறையில் அப்பாவுக்குப் பாய் போட்டோம். வீட்டில் யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. உன் மருமகன் சம்பளம் வந்ததும் முதலில் வாங்குவது மாமனாருக்குச் சுருட்டுதான்.

ஆனால் அப்பா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். ஒரு கரண்டி சோறு விழுந்ததும் இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்து, "போதும்மா" என்பார். கருவாட்டுக் குழம்பு வைத்தாலும் போதும்மா. நீ செய்வது போலவே முருங்கைக்கீரை வதக்கினாலும் போதும்மா. நீ போன துக்கம் என்று நினைத்தேன். கண்ணில் புரை விழுந்ததால் வந்த சோர்வு என்று நினைத்தேன். பிறகு சலித்துக்கொள்ளவும் ஆரம்பித்தேன். பார்த்துப் பார்த்துச் சமைத்ததை ஒருவர் தினமும் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஒரு நாள் அவரே பேச்செடுத்தார். அவரோடு தண்டவாளம் போட்ட முனியன் மாமா அந்த மடத்தில்தான் இருக்கிறாராம். "நானும் அங்க போயிடறேம்மா. பேச்சுத் துணையா இருக்கும்" என்றார். நான் காலைப் பிடித்து அழுது தடுத்திருப்பேன் என்று நீ நினைப்பாய். "அப்புறம் பாக்கலாம்ப்பா" என்றேன். அந்த வாரமே உன் மருமகனை விசாரிக்கச் சொன்னேன். முன்னறையில் இனி பிள்ளைகள் காலை நீட்டிப் படுக்கலாமே என்றுகூட ஒரு எண்ணம் ஓடியது, அம்மா. அதை எழுதும்போது கை கூசுகிறது.

அப்பா மூட்டையோடு கிளம்பிய காலையில் பொதுக்குழாயடியில் எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "என்னடி மரகதம், அப்பா எங்க கெளம்பிட்டாரு?"

"ஊருக்குப் போறாருக்கா. கடைசிக் காலத்துல தம்பியப் பாக்கணும்னு ஒரே புடி."

ஒரு விக்கல்கூட இல்லாமல் வந்தது. வேறு என்ன சொல்வேன்? பெற்ற மகள் குத்துக்கல்லாக இருக்கும்போது தகப்பனை மடத்தில் விட்டார்கள் என்றால் இந்தத் தெரு சும்மா விடுமா? அந்த வெள்ளிக்கிழமையே அக்கா கோயிலில் அப்பா பேருக்குத் தேங்காய் உடைத்து, கடல் பிரயாணம் நல்லபடி முடிய வேண்டிக்கொண்டு, பிரசாதத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டேன். தொண்டையில் இறங்கவே மாட்டேன் என்றது.

அதன் பிறகு மாதத்துக்கு ஒரு முறை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் வந்தேன். ஸ்டேஷனில் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொள்வேன். மடத்துக்குள் நுழைந்துவிட்டால் பெண் பார்க்கப் போன மாமியார் போல ஆகிவிடுவேன். அப்பாவின் மெத்தையைத் திருப்பி மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பேன். போர்வையை முகர்வேன். நகம் வெட்டியிருக்கிறார்களா, குதிகால் வெடித்திருக்கிறதா, காதுக்குப் பின்னால் அழுக்கு இருக்கிறதா, எல்லாம் பார்ப்பேன்.

என்ன கண்டாய் என்று கேட்பாய். மெத்தை சுத்தம்தான். போர்வையில் பினாயில் வாசனை. காலையில் எல்லாரையும் இருட்டோடு எழுப்பி, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டிவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. செபமாலை என்று ஒரு ஆயா, வாய் சரியான வாய். "என்ன தாத்தா, மறுபடியும் நனைச்சிட்டீங்களா? எந்திரிங்க, எந்திரிங்க" என்று வார்டே அதிரக் கத்துவாள். ஆனால் அந்தக் கை மெதுவாகத்தான் தூக்குகிறது, அதையும் பார்த்தேன். மருந்து நேரத்துக்குக் கொடுக்கிறார்கள். ஒரு கிழவர் தண்ணீர் தண்ணீர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. கடைசியில் நான்தான் எழுந்துபோய்க் கொடுத்தேன்.

மூலைக் கட்டிலில் இன்னொருவரின் இடுப்பைத் துணியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அதைப் பார்ப்பேன். ஏன் என்று கேட்க நாக்கு நுனி வரை வரும். கேட்டதில்லை. "அவ்வளவு அக்கறை இருந்தால் உன் தகப்பனை நீயே வைத்துக்கொள்ளேன்" என்று மடத்துத் தலைவி மதர் சொல்லிவிட்டால்? அப்பாவை அங்கே விட்டவளுக்குக் குறை சொல்ல என்ன முகம் இருக்கிறது? அதனால் மெத்தையைத் திருப்பிப் பார்ப்பதோடு என் அதிகாரத்தை நிறுத்திக்கொண்டேன்.

இப்படியே எத்தனை காலம் ஓடியிருக்குமோ. போன மாதம் எதிர்வீட்டு அக்கா வாயெல்லாம் பல்லாக வந்தார். அவருடைய தம்பி ஊரிலிருந்து வருகிறாராம். "மன்னார்குடி போயி ஒங்கப்பாவ ஒரு எட்டுப் பாத்துட்டு வாடான்னு எழுதிட்டேன்டி. நீயும் பாவம், லெட்டர் வரலைன்னு எத்தன நாளா தவிக்கிற!" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை அப்பா மேல் உள்ள பாசம் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

கப்பல் வருவதற்குள் அப்பாவை அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, திரும்பி வந்துவிட்டார் என்று சொன்னால் தீர்ந்தது; சித்தப்பா அந்தத் தம்பியிடம் என்ன சொல்லியிருப்பார் என்றெல்லாம் அந்தப் பதற்றத்தில் யோசிக்கவில்லை. உன் மருமகனுக்கு இது பிடிக்கவே இல்லை. "உண்மையச் சொல்லித் தொலைச்சிட்டா என்ன, மரகதம்?" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளாமல் மறுநாளே ரயிலேறினேன்.

அன்று பார்வையாளர் வருகிற நாள் இல்லை. நான் போனபோது பகல் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வராந்தாவில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்ற என்னை அப்பாவுக்குத் தெரியவில்லை. அவர் கண்ணுக்கு அத்தனை தூரம் எட்டாது. கையில் தகரத் தட்டை வைத்துக்கொண்டு, என் அப்பா, உரத்த குரலில் சொல்கிறார்:

"ஏ செபமாலை, இது என்ன கொழம்பா, ரயில்வே டேங்க் தண்ணியா? உப்பு எங்க? சரி சரி, இன்னும் ரெண்டு கரண்டி சோறு போடு."

"ரெண்டாந்தரம் வாங்கிட்டு வாய் வேறயா ஒங்களுக்கு?" என்று செபமாலை கத்திக்கொண்டே போட்டாள். முனியன் மாமா சிரித்தார். அப்பா அத்தனையும் பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அம்மா, உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு உன்னோடு மல்லுக்கு நிற்பாரே, அந்தக் குரல். என் வீட்டில் இருந்த காலமெல்லாம் அதை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. என் சமையலில் அவர் எந்தக் குறையும் சொன்னதில்லை என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன். விருந்தாளி எந்த வீட்டில் குறை சொல்வான்?

நீங்கள் இருவரும் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவீர்கள். சாமான் மிச்சமாகட்டும் என்றுதான் கொண்டுவருகிறீர்கள் என்று அப்போது நினைத்தேன். எத்தனை மக்கு நான்!

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நம்ம வீட்ல ஏம்ப்பா இப்பிடிச் சாப்புடல?" என்று கேட்டேன். கொஞ்சம் திடுக்கிட்டார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அது பொண்ணக் குடுத்த வீடும்மா. கை நனைக்கலாம். வயிறு நெறைய உக்காந்து தின்ன முடியுமா? மாப்ள தங்கமான மனுசன், அதுக்காக? இது யார் வீட்டுச் சோறும் இல்ல பாரு. தொண்டையில எறங்குது."

அப்போதே நான் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். கப்பல் வருகிற பயம் என்னை விடவில்லை. "அப்பா, வீட்டுக்கு வந்துடுங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்க, தெருவில் சொன்ன பொய்யையும், அக்காவின் தம்பி வரப்போவதையும் சொன்னேன்.

அப்பா தகரத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "எந்த மாசம் கெளம்பினேன்னு சொன்ன?" என்றார்.

"என்னப்பா?"

"கேட்டா ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணுமில்ல. கப்பல்ல எனக்கு ஒத்துக்கல, வாந்தின்னு சொல்றேன். தம்பி பொண்டாட்டி சரியாச் சோறு போடலன்னு சொன்னா ஒடனே நம்பிடுவாங்க. ஒம்மேல ஒரு சொல்லு வராது. நீ கவலப்படாத."

சொல்லிக்கொண்டே எழுந்து, தடவித் தடவித் தன் கட்டிலுக்குப் போய்ப் போர்வையை மடிக்க ஆரம்பித்தார். "முனியா, நான் வரேன்" என்றார். சத்தமே இல்லாத குரல். என் வீட்டுப் "போதும்மா" குரல். ஒரு சின்னப் பொய் சொன்னாலும் உன்னிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற மனிதர், அம்மா. அவர் எனக்காகப் பொய் பழகிக்கொண்டு நிற்கிறார். அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

போர்வையை அவர் கையிலிருந்து வாங்கி, உதறி, மறுபடியும் விரித்தேன். "நீங்க இருங்கப்பா."

"அப்ப அந்தப் பொம்பளைக்கு என்ன பதில் சொல்லுவ?"

"நடந்ததச் சொல்றேன்."

புறப்படும்போது செபமாலையிடம், அந்த மூலைக் கட்டில்காரரை ஏன் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. "எந்திரிச்சு நடந்து விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டாரும்மா. இத்தன பேருக்கு எனக்கு ரெண்டு கைதான. பக்கத்துல ஒரு ஆளு இருந்தா நான் ஏன் கட்டறேன்? மதர்கிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது" என்றாள். எனக்குத் தெரிந்த மலாய் மொழியில் மதரிடம் சொன்னேன். தண்ணீர் கேட்ட கிழவரைப் பற்றியும் சொன்னேன். உன் தகப்பனை நீயே வைத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றார். பார்ப்பாரா என்று நானும் பார்க்க வேண்டும்.

அது நல்ல இடமா, கெட்ட இடமா என்று நீ கேட்டால் இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டி வைத்த இடத்தை நல்ல இடம் என்பேனா? அப்பா வயிறாரச் சாப்பிடுகிற இடத்தைக் கெட்ட இடம் என்பேனா?

மறுநாள் குழாயடியில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்ப நான் ஒடச்ச தேங்காய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு என்னோடு பேச்சில்லை. பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. இப்போது நான் போனால் குழாயடியில் பேச்சு நிற்கிறது.

மாமியார் நேற்று அரிசி புடைத்துக்கொண்டே, "எனக்கும் வயசாகுது மரகதம். எனக்கும் அங்கதானா?" என்றார்.

"நீங்க ஒங்க மகன் வீட்ல இருக்கீங்க அத்தை" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என்னைச் சுட்டது. மகன் வீடு என்றால் சொந்த வீடு, மகள் வீடு என்றால் அந்நிய வீடு. இதை அப்பா மட்டுமா நம்பினார்? நானும்தான் நம்பியிருக்கிறேன். அம்மா, உனக்கு நான் ஒருத்திதான். எனக்கும் மூன்றும் பெண். நாளைக்கு அவர்கள் வீட்டு இலைக்கு மேல் நானும் கையை நீட்டி மறைப்பேனா? மாட்டேன். குழம்பில் உப்பில்லை என்று சண்டை போடுவேன். அதை இப்போதே பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மானத்தைக் காப்பாற்ற அப்பாவை இங்கே இழுத்து வர மாட்டேன். அவரே ஒரு நாள், "கூட்டிட்டுப் போம்மா" என்றால் அன்றைக்கே போய் அழைத்து வருவேன். அதுவரை மாதா மாதம் போவேன், முந்தானையைத் தலையில் போடாமல் போவேன். அவர் கட்டிலை மட்டும் பார்த்துவிட்டு வராமல் மூலைக் கட்டிலையும் பார்ப்பேன், கேட்க வேண்டியதைக் கேட்பேன். அப்பா எங்கே என்று யார் கேட்டாலும், கிள்ளானில் மடத்தில் இருக்கிறார், அங்கே வயிறு நிறையச் சாப்பிடுகிறார், என் வீட்டில் சாப்பிடவில்லை என்று சொல்வேன். அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது குரல் இறங்கிப்போகிறது. இறங்கினாலும் அதை விட்டுவிட்டுச் சொல்ல மாட்டேன், அம்மா. இது உன்மேல் ஆணை.

உனக்கும், கிள்ளானில் இருக்கிற அவருக்கும் ஒரே மகள்,
மரகதம்