அணைக்கக் கூடாத விளக்கு

பாடன்,
14.11.1993

அன்பின் கஜாவுக்கு,

சுவிஸ் குளிரோடு சண்டை பிடித்தபடி நான் நலம். கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் நீரும் மகளும் சுகமாயிருக்க நல்லூரான் துணை.

உங்களை இங்கே கூப்பிட விசா கேட்பதற்கு முதலில் வீடு காட்ட வேண்டுமாம். என்னிடம் இருப்பது ஒற்றை அறை. வீட்டுக்கார அம்மா ஃப்ராவ் ப்ளொக் மேல்வீட்டைத் தருவா என்று நம்பியிருந்தேன். அதில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன்.

அவ யூத சமயம். வெள்ளி பொழுதுபட்டால் சனி பொழுதுபடும்வரை சுவிச்சைத் தொடமாட்டா. வேண்டிய விளக்குகளை முன்னமே எரியவிடுவா. எனக்கு இது எங்கே தெரியும்? முந்தநாள் வெள்ளி பின்னேரம் அவ தங்கள் கோயிலுக்குப் போன நேரம் விறகு வைக்கப் போனேன். ஆளில்லா வீட்டில் கரண்ட் வீணாகிறதே என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்தேன். பாவம், மனிசி இருட்டில் தடவித் திரிந்ததாம். முகத்தில் முழிக்க வெட்கமாக இருக்கிறது.

உம்முடைய,
நித்தியானந்தன்

வெள்ளவத்தை,
26.11.1993

அன்பின் அத்தானுக்கு,

கவலைப்பட வேண்டிய நான் சிரித்துவிட்டேன். மண்ணெண்ணெய் இல்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கை ஊதி ஊதி அணைத்த ஆளல்லவா. போன இடத்திலும் கை சும்மா கிடக்கவில்லை.

ஒளித்திருந்தால் ஆச்சா? இங்கே கதவு தட்டினால் பொலிசோ என்று எனக்கு நெஞ்சு பதறுகிறது. நீங்கள் அங்கே ஒரு கதவைத் தட்டப் பயப்படுகிறீர்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய் மன்னிப்புக் கேளுங்கள்.

உங்கள்,
கஜலக்சுமி

பாடன்,
12.12.1993

என் அன்பின் கஜா,

உம்முடைய சொல்லைக் கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

பழத்தைக் கண்டதும் அவ கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டா. சின்ன வயதில் நாஜிகளுக்குத் தப்பி, தாய் தகப்பனோடு வியன்னாவை விட்டு, கப்பலேறி ஷாங்காய்க்குப் போனவவாம். வேறெந்த நாடும் ஏற்கவில்லையாம். வழியில் கப்பல் எங்கள் கொழும்பில் நின்றதாம். ஒருவரையும் இறங்கவிடவில்லை. கீழே வள்ளக்காரன் ஒருவன் கயிற்றுக் கூடையில் வாழைப்பழம் ஏற்றி அனுப்பிவிட்டு, காசு வேண்டாமென்று கையசைத்தானாம். தின்னத் தெரியாமல் தோலோடு கடித்தாவாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தா. கண்ணையும் துடைத்தா.

“என்னை உங்கட கரையிலை இறங்க விடேல்லை. உன்ரை மனிசியும் பிள்ளையும் இஞ்சை வந்து இறங்கட்டும்” என்றா. மேல்வீடு எங்களுக்குத்தான், கஜா. சந்தோசத்தில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

விளக்கு? “அண்டைக்கு நேரத்தோடை படுத்து நல்லா நித்திரை கொண்டனான்” என்கிறா.

உமக்காகக் காத்திருக்கும்,
நித்தி

வெள்ளவத்தை,
28.3.1994

அன்பின் அத்தானுக்கு,

விசா கையில் கிடைத்துவிட்டது. மகள் லொட்ஜ் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். என் சேலைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த அம்மாவுக்கு இரண்டு சீப்பு வாழைப்பழத்துக்குப் பெட்டியில் இடம் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 15ஆம் திகதி இரவு வந்து இறங்குகிறோம். அன்று வெள்ளிக்கிழமை. தயவுசெய்து ஒரு விளக்கையும் அணைச்சுப் போடாதேங்கோ.

உங்கள்,
கஜா