காதுக்கு வாங்கிய குல்லா

18 டிசம்பர் 2024, புதன்

சர்க்கரை ஏறிவிட்டது, சைக்கிள் மிதி என்றார் டாக்டர். மிதிக்கிறேன். திருவொற்றியூரிலிருந்து காசிமேடு மீன் ஏலத்துக்கு, விடியற்காலையில். மார்கழிக் கடல்காற்று இடது காதில் புகுந்து தாடையில் இறங்குகிறது. முந்தானையைச் சுற்றினால் முதல் கன்டெய்னர் லாரிக்கே அவிழ்ந்துவிடுகிறது.

வலியோடு போய் நின்றால், என்னோடு போட்டிக்கு ஏலம் கேட்கும் டில்லிபாபு இன்றும் என் வஞ்சிரத்தைத் தூக்கிவிட்டான். அவனுக்கு மீன் பார்க்கத் தெரியாது. செவுளைத் தூக்கிப் பார்க்க மாட்டான், என் மூஞ்சியைப் பார்ப்பான். நான் எதற்கு ஆசைப்படுகிறேனோ அதற்கு விலையை ஏற்றுவான்.

எப்படித்தான் கண்டுபிடிக்கிறான்?

19 டிசம்பர்

ஹபீபுல்லா பாய் போன் செய்தார். ராயபுரத்தில் அவர் ஓட்டலுக்கு ஒன்பது வருஷமாக வஞ்சிரம் என்னுடையதுதான். "இன்னாம்மா, மூணு நாளா பாற மீனே அனுப்பிகினு கீற? சனிக்கெயமயும் வஞ்சிரம் வரலன்னா டில்லிபாபுவ கேளுன்றான் என் புள்ள."

தலையில் கூடை சுமந்து பிடித்த ஓட்டல். விடுவேனா?

20 டிசம்பர்

வீட்டுக்காரர் குரங்குக் குல்லா வாங்கி வந்தார். பழுப்பு நிறம். கண் மட்டும்தான் வெளியே. போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன் – பேங்க் கொள்ளைக்குக் கிளம்பிய கரடி.

"இத்த போட்டுகினு நான் தெருவுல போவணுமா?"

"காது போச்சுன்னா ஏலத்த இன்னாத்தால கேப்ப?"

21 டிசம்பர், சனி

போட்டேன். காது கதகதவென்று இருந்தது. டீக்கடை சிலுவையம்மாள் என்னைப் பார்த்ததும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏலத்தில் ஒரே சிரிப்பு. "இன்னா பவுனக்கா, ஊட்டிக்கா?" என்றான் டில்லிபாபு. கோபத்தில் கழற்றப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், அவன் கண் குல்லாவைச் சுற்றிச் சுற்றி வருகிறது. தவிக்கிறான். கழற்றவில்லை.

வஞ்சிரம் எனக்கு. அவன் ஏதோ சொத்தைக் கூடையை எடுத்தான்.

4 ஜனவரி

காது வலி போயேபோச்சு. குல்லா போகவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

வேர்வை உள்ளே ஆறாக ஓடுகிறது. அரித்துப் பிடுங்குகிறது. ஆனாலும் கழற்றுவேனா?

டில்லிபாபு டீ வாங்கிக்கொண்டு வந்தான். "யக்கா, மாசி பொறந்துட்ச்சி. இன்னும் இன்னாத்துக்கு இத்த மாட்டிகினு கீற?"

"காது வலிடா."

"காது வலிக்கி வாய ஏன்க்கா மூடிகினு கீற? நல்ல மீன கண்டா கீழ் ஒதட்ட கடிப்ப, அத்த பாத்துதான் நான் பொயச்சிகினு இருந்தேன். ரெண்டு மாசமா அழுவின மீனா வாங்கி வூட்ல அசிங்கப்பட்றேன். கயட்டுக்கா."

உதட்டைக் கடிக்கிறேனா! ஐம்பத்திரண்டு வயதில் எனக்கே தெரியாது. வீட்டில் கேட்டேன். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே கடிச்ச. அத்த பாத்துதான் தைரியமா சரின்னேன்" என்கிறார். முப்பது வருஷமாகச் சொல்லவில்லை, அழுத்தக்காரர்.

20 பிப்ரவரி

பாவம், கெஞ்சினானே என்று குல்லா இல்லாமல் போனேன். டில்லிபாபு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

இரண்டு கூடை வஞ்சிரம் ஏலத்துக்கு வந்தது. ஒன்று பழசு – செவுள் வெளுத்து, வயிறு தொளதொளவென்று. அதன் முன்னால் போய் நின்று, கீழ் உதட்டைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன்.

அவன் கை உடனே மேலே போனது.

பாய்க்கு நல்ல கூடை போய்ச் சேர்ந்தது. குல்லாவைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன். அடுத்த மார்கழிக்கு, காதுக்கு மட்டும்.