பெயர் வைக்காத பூச்சி

என்னங்க,

நீங்கள் வாங்கிக் கொடுத்த போன் சௌக்கியம். அரிசி டின்மேல் படுத்திருக்கிறது.

நேற்று பொழுது சாய்ந்ததும், நாம் பூச்சி பார்க்க எப்போதும் செய்கிறபடி, உங்கள் வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து, பின்னால் பல்பைப் போட்டேன். அந்துப்பூச்சிகள் வந்து அப்பிக்கொண்டன. பக்கத்து வீட்டு நாராயணம்மா எட்டிப் பார்த்து, "ஊருல இல்லாத மனுசனோட வேட்டிய எதுக்கும்மா இருட்டுல காயப்போடற?" என்றாள்.

ஓசூர் கம்பெனியில் ஞாயிறும் ஓவர்டைம் என்கிறீர்கள். சரி. அன்று நாம் பேசிக்கொண்டதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

நீங்கள் சொன்னபடி, விளக்கை விட்டு நகராத அந்தக் குண்டுப் பூச்சியைப் போனிடம் காட்டினேன். வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்றைச் சொன்னது. பாவம், நாம் அதற்கு உங்கள் பெரியத்தை பெயரை வைத்திருப்பது போனுக்கு எப்படித் தெரியும்?

காலையில் பார்த்தால் வேட்டியில் புதிதாக ஒன்று. இளம்பச்சை இறக்கை, நீள வால். போட்டோ அனுப்ப மாட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துத்தானே பெயர் வைப்போம்?

கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அது போய்விடும். தெரியும். வேட்டியை இன்னும் எடுக்கவில்லை.

உங்கள் பெரியத்தையோடு,
நான்