மடிப்பக்காவுக்கு நான் போட்ட மார்க்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. என் இடது முட்டியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நான் நம்புகிறேன், அம்மா நம்பவில்லை. மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, சரிசெய்தது நான்தான் என்பதை அம்மா சொல்லமாட்டாள், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. உன் கிடங்கில் பார்சல் பிரிக்கிற எட்டுப் பேருக்கும் நீதான் மார்க் போட்டாயாம், மார்க்கில் கடைசியாக வந்தவரை மாதக் கடைசியில் வேலையை விட்டு அனுப்பப் போகிறார்களாம். “நான் பாத்துதானேப்பா போட்டேன்” என்றாய். நானும் பார்த்துத்தானம்மா போட்டேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது விரிப்பு மடிக்க ஒரு அம்மா இருந்தாரே, எல்லோரும் மடிப்பக்கா என்போமே, அவருடைய மார்க் படிவத்தை நிரப்பி எங்கேயோ வைத்துத் தொலைத்துவிட்டேன். பத்து நாள் கழித்துப் புதிதாக ஒன்று நிரப்பினேன். அன்றைக்குப் பார்த்து இஸ்திரி மேஜைக்கு அடியில் பழையது கிடைத்தது. இரண்டையும் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. பழையதில் ஐந்துக்கு இரண்டு, ‘மந்தம்’ என்று எழுதியிருக்கிறேன். புதியதில் நான்கு, ‘நிதானம்’. அதே ஆள், அதே விரிப்புகள், மாறியது நான்தான். முதலாவதை எழுதிய அன்று கொதிகலன் பழுதாகி மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அனுப்பியது பழையதைத்தான். புதியதில் அடித்தல் திருத்தல் இருந்தது, ஆபீசில் கேள்வி கேட்பார்கள் என்று சோம்பல். அவருக்கு வரவேண்டிய பதவி வேறொருவருக்குப் போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், “நான் கொஞ்சம் மெதுவுதான் சார், நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க” என்று அவரே நம்பிவிட்டாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. இன்றைக்கும் பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் உன்னை விசாரிக்கிறார்.

நீ ஒன்று செய். போட்ட மார்க்கை மூடி வைத்துவிட்டு, பார்க்காமல் இன்னொரு தடவை போடு. மதிய ஷிப்ட் சூப்பர்வைசரையும் தனியாகப் போடச் சொல், இரண்டு பேரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளாதீர்கள். ஒத்துப்போகாவிட்டால், எனக்குத் தெரியவில்லை என்று மேலே சொல்லிவிடு. திட்டுவார்கள், திட்டட்டும்.

நீ நன்றாக இரு, உன் கைக்குக் கீழே இருப்பவர்களும் நன்றாக இருக்கட்டும். மாதக் கடைசியை மறந்துவிடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் அப்பா.

பின்குறிப்பு: அந்தப் புதிய படிவத்தை இத்தனை வருஷமும் கிழிக்காமல் வைத்திருந்தேன். தபால் பெட்டிக்குப் போகிற வழியில்தான் மடிப்பக்கா வீடு. அதையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.