ஒளித்துவைத்த பறி

செவ்வாய், இரவு

இது யார் கையில் கிடைத்தாலும் அப்படியே மூடிவைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள், முக்கியமாக என் அம்மாவிடம்.

இன்று ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த அம்மா வயிற்று வலியில் வாயைத் திறந்துவிட்டாள். பல்லில் கடித்திருந்த பறிக்கூடை நழுவி, பிடித்த இறாலெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. கொஞ்ச நாளாகவே அவள் வயிறு உப்பிக்கொண்டு வருகிறது.

மாலையில் நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். அம்மாவின் ஆபரேஷனுக்குக் கூட வந்தவர் அவர்.

"கர்ப்பப்பைய மட்டுந்தான்மா எடுத்தாங்க. சினைப்பை ரெண்டும் உள்ளதான் இருக்குது. அதுல கட்டி வரலாம். நாளைக்கே ஸ்கேனுக்கு இட்டுனு வா" என்றார்.

அம்மாவிடம் சொன்னதும் சிரித்தாள். "வூட்டையே இடிச்சாச்சு, இனிமே யாருடி குடி வரப்போறா?"

"பக்கத்துல ரெண்டு ரூமு அப்படியே நிக்குதாம்."

"போடி, பெரிய டாக்டரு. காலைல எறாவுக்குப் போவணும்."

நைனாவும் வெறும் வாயுதான் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எந்த மாதிரிக் கட்டி என்று நர்ஸ் அக்காவிடம் கேட்க வாய் வரவில்லை.

அதனால் பறியை என் போர்வைக்குள் ஒளித்துவிட்டேன். வாயில் கடிக்கிற பொருள் என்பதால் எங்கள் ஊரில் ஒருத்தி பறியை இன்னொருத்தி இரவல் வாங்கமாட்டாள். பறி இல்லாமல் அம்மா ஏரிக்குப் போக முடியாது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

கதவைத் தட்டுகிறாள். "ஏய், என் பறி எங்கடி?"

அடிக்கட்டும். பொன்னேரி பஸ்ஸில் அவள் ஏறி உட்காரும்வரை நான் கொடுக்கப்போவதில்லை.